செருமினால் பேசு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் குறிக்கோள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மேலாளருக்கும் அக்காதான்.

லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனி அது. சாமான் அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவே, திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு ஜன்னலின் கீழே அவள் மேசை. புதிதாக வேலைக்குச் சேரும் மெக்கானிக்குகளுக்கு அவள் பாடம் வடிவமைப்பாள். பாடம் நடத்துகிறவர்கள் வேறு. எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லவே வேண்டாம், எந்த இடத்தில் செய்துகாட்டுவது, எந்த இடத்தில் திருப்புளியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது, கடைசியில் கற்றுக்கொண்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வரைந்து கொடுப்பது அவள் வேலை. கல்யாணச் சமையலுக்கு யாரோ அடுப்பில் நிற்கிறார்கள், யாரோ பரிமாறுகிறார்கள். எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்குப் பல் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வைக்கிற ஆள் ஒருவர் வேண்டுமல்லவா? அந்த ஆள் அவள்.

அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்த ஒரே கேள்விதான் அவள் வாயில் எப்போதும் இருக்கும். "சரி, முடிவுல அவங்க என்ன செய்வாங்க?"

ஒருமுறை ஒரு பொறியாளர் தலையணை அளவுக்கு ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்து, லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மீட்பது பற்றிய பாடம் என்றார். முதல் பாதி முழுக்க லிஃப்ட் பிறந்த கதை. அவள் கேட்டாள், முடிவில் என்ன செய்வார்கள் என்று. நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்றார் அவர். புரிந்துகொண்டது வெளியே எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் யோசித்தார். உள்ளே மாட்டிய ஆளிடம் முதலில் குரல் கொடுத்துப் பேசுவார்கள், பிறகு மின்சாரத்தை நிறுத்துவார்கள், பிறகு கதவைத் திறப்பார்கள் என்றார். "பாருங்க, இப்பத்தான் பாடம் ஆரம்பிக்குது" என்று அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பொறியாளரே 'புரிந்துகொள்வார்' என்ற சொல்லை யாராவது எழுதினால் அடித்துவிடுகிறார்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் மெத்தை தைப்பவர். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிய, வாய் ஓயாத மனிதர். கல்யாணத்துக்கு முன் அவர் உருகி உருகி, உன்னைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வேன் என்றபோது, அது வெளியே எப்படித் தெரியும் என்று கேட்டாளாம். தினமும் காலையில் எழுப்பி டீ கொடுப்பேன் என்றாராம் அவர். இது கண்ணுக்குத் தெரிகிற விஷயம் என்று சம்மதித்தாள். இன்றுவரை டீ தவறியதில்லை.

இப்படிப்பட்ட கெட்டிக்காரிதான், தன் வாழ்க்கையிலேயே முக்கியமான பாடத்தில் கோட்டை விட்டாள்.

அவளுக்கு ஓர் அண்ணன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பெண். அவன் படிப்பை அப்படியே நிறுத்திவிட்டு, கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அவளைப் படிக்க வைத்தான். அவள் காய்ச்சலில் படுத்தால் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தான். அவள் கல்யாணத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு மண்டபத்துப் பின்பக்கம் நின்று தனியாக அழுதான். இத்தனையிலும் தனக்கென்று வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது. வீட்டில் உப்பு குறைந்தால்கூட உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஜாதி.

முப்பத்தேழு வயதில் அந்த மனிதன் காதலித்துவிட்டான்.

அவன் காதலித்தவள் ஒரு பஸ் ஓட்டுநர். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி உடைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவள். கணீர்க் குரல், பஸ்ஸையே தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வாள் போன்ற நடை. இவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அவள்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். அவளைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். இரண்டு பேருக்காகவும் பேசியதெல்லாம் கூட வந்த பெரியவர்கள். மாப்பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தனக்கு வேண்டியதைத் தானே கேட்கத் தெரியாதவனுக்குப் பெண் இல்லை என்று அவள் அப்பா எழுந்து போய்விட்டார். அப்பா சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவள் கட்சியும்.

"நீங்க வந்து, நீங்களே கேக்கணும். இதான் கடைசி" என்றாளாம். "இன்னொரு தடவை எங்கப்பாவை அந்த நாற்காலியில உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

அண்ணன் நேரே தங்கை வீட்டுக்கு வந்தான். வந்து மெத்தைமேல் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"பாப்பா, எனக்கு ஒரு பாடம் போட்டுக் கொடேன்."

அந்த ஒரு வரியில் அவள் நெஞ்சு உடைந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து அண்ணன் அவளிடம் கேட்ட முதல் பொருள் அது. உள்ளே ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆசைதீர அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "முடிவுல நீ என்ன செய்யணும்?" என்றாள்.

"அவங்கப்பாவைப் பாத்து, பொண்ணைக் குடுங்கன்னு கேக்கணும்."

குறிக்கோள் பளிங்கு மாதிரி இருந்தது. அவள் வேலையில் இறங்கினாள்.

பாடம் போடுகிறவர்கள் முதலில் கற்கப்போகிற ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும். அவன் எங்கே வேலை செய்கிறான், எதில் கெட்டி, எங்கே தடுமாறுகிறான் என்று பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். இதைத் தன் கீழே வேலை பார்ப்பவர்களுக்குத் தொண்டை வற்றச் சொல்கிறவள் அவள். ஆனால் இது அண்ணன். அண்ணனைப் போய்ப் புதிதாகப் பார்ப்பதா? அவளுக்குக் கழுகுக் கண்; கண்ணாடிக் கடைப் பக்கம் போக அவசியமே வந்ததில்லை. பஸ் ஓட்டுநர் ஒருநாள் போனில், "கடையில நல்லாத்தானே பேசுறாரு" என்றபோதுகூட, கடைப் பேச்சு வேறு, வாழ்க்கைப் பேச்சு வேறு என்று அவள் அதைத் தட்டிவிட்டாள். அந்த இடத்தை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை தொடங்கியது. பெண்ணின் அப்பாவாக மெத்தைக்காரர். வயிற்றில் ஒரு திண்டைச் செருகி, தோளில் துண்டு போட்டு, கூடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் எதிரே, கைகளைக் கட்டி. அண்ணன் பேச வேண்டிய வரிகளை அவள் வரிசைப்படுத்தியிருந்தாள். முதலில் வணக்கமும் வெயிலும். அப்புறம் வேலை. அப்புறம் குடும்பம். அப்புறம் டீயைப் பாராட்டுவது. கடைசியில் அந்தக் கேள்வி.

அண்ணன் வணக்கத்திலேயே நின்றுவிட்டான்.

இதற்கும் அவளிடம் வழி இருந்தது. புதிய மெக்கானிக்குகளுக்கு முதலில் அமுக்க வேண்டிய பொத்தான்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பாள். பழகப் பழக ஸ்டிக்கரைச் சின்னதாக்கி, ஒருநாள் எடுத்தே விடுவாள். சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் கையை எடுக்கிற மாதிரி. அண்ணன் தடுமாறும்போது, பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் மெல்லத் தொண்டையைச் செருமுவாள். செருமினால் அடுத்த வரி. செருமலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அற்புதமாக வேலை செய்தது. அவள் செருமியதும் அண்ணன் பொத்தான் அமுக்கிய லிஃப்ட் மாதிரி புறப்பட்டான். தினமும் சாயங்காலம் வெயில், வேலை, குடும்பம், டீ, கேள்வி என்று ஓடியது. மெத்தைக்காரருக்குத்தான் வேஷம் ரொம்பப் பிடித்துவிட்டது. கேள்வி வந்ததும் மோட்டுவளையைப் பார்த்து, தாடையைத் தடவி, "முடியாது தம்பி, யோசிச்சுச் சொல்றேன்" என்பார் தினமும். சம்மதிச்சுத் தொலைங்க என்று மனைவி தலையணையால் அடித்தாலும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்குக் கொஞ்சம் கெத்து வேண்டாமா என்பது அவர் வாதம்.

அடுத்த வாரத்திலிருந்து செருமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அவள் திட்டம். அதற்குள் பஸ் ஓட்டுநர் போன் செய்தாள். அப்பா நல்ல மனநிலையில் இருக்கிறார், இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள் என்றாள். கையை எடுக்க நேரமே இல்லாமல் சைக்கிள் மேட்டிலிருந்து இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற நீதிமன்றச் சேவகர். நீதிபதி உள்ளே நுழையும்போது எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வதும், கூடம் சலசலத்தால் அடக்குவதும் அவர் வேலையாக இருந்தது. அவர் கத்தவே மாட்டாராம். தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். வக்கீல்கள் பாதி வார்த்தையில் வாயை மூடுவார்களாம். ஓய்வுபெற்ற பின்னும் அந்தச் செருமல் ஓய்வுபெறவில்லை. அவர் செருமினால் சமையலறையில் கரண்டிச் சத்தம் நிற்கும், பக்கத்து வீட்டு ரேடியோகூடச் சற்றுத் தணியும் என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம் என்பதால் மகளுக்கு அதை முன்கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை.

நனைந்த குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். உறை போட்ட சோபா. சுவரில் கடிகாரம். எதிரே கைவைத்த நாற்காலியில் பெரியவர், நிமிர்ந்த முதுகும் வெள்ளை மீசையுமாக. சமையலறை வாசலில் பஸ் ஓட்டுநர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு.

பெரியவர் பேச்சைத் தொடங்கும் முன் வழக்கம்போலச் செருமினார். வீடு அமைதியானது.

"வணக்கங்க" என்றான் அண்ணன், கணீரென்று. "என்ன வெயில் பாருங்க. உங்க வீடு நல்லா குளுகுளுன்னு இருக்கு."

வெளியே ஓர் இடி இடித்தது.

பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வருடங்களில் அவர் செருமியபிறகு ஒரு மனிதன் பேசி அவர் கேட்டதில்லை. தன் செருமலில்தான் ஏதோ குறை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் செருமினார்.

தனக்கு ரொம்ப வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை என்றும், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்றும் அண்ணன் தெரிவித்தான்.

குறிக்கோள் அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. வேண்டாம் வேண்டாம் என்று அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. பெரியவர் மூன்றாம் முறை செருமினார். அப்பா அம்மா இல்லாத குடும்பம் வந்தது. நான்காம் முறை, மீசை துடிக்க. அதற்கு அண்ணன், டீ ரொம்பப் பிரமாதம் என்றான். டீ இன்னும் வரவில்லை. உள்ளே பெண்ணின் அம்மா கையிலிருந்து டம்ளர் விழுந்து உருண்டு உருண்டு எங்கேயோ போய் நின்றது.

பெரியவர் எழுந்தே விட்டார். நின்றபடி, ஒரு கொலை வழக்கையே அடக்கக்கூடிய செருமல் ஒன்று செருமினார்.

கடைசி வரிக்கு நேரம் வந்துவிட்டது. அண்ணன் மூச்சை இழுத்துக்கொண்டான். ஒத்திகையில் தினமும் எந்த முகத்தைப் பார்த்துக் கேட்டானோ அந்த முகத்தைத் தேடித் திரும்பினான். மெத்தைக்காரரின் கண்ணுக்குள் பார்த்து, "உங்க பொண்ணை எனக்குக் குடுங்க. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்" என்றான்.

"முடியாது தம்பி, யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மெத்தைக்காரர்.

சொல்லிவிட்டுத்தான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது. தாடையைத் தடவிய கை அப்படியே நின்றது. சமையலறை வாசலில் பஸ் ஓட்டுநர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்து சிரித்தாள். சிரிப்பை நிறுத்தச் சொல்லி அப்பா மகள் பக்கம் திரும்பிச் செருமினார்.

"வணக்கங்க" என்று அண்ணன் முதலிலிருந்து ஆரம்பித்தான். "என்ன வெயில் பாருங்க..."

அவனால் நிறுத்த முடியவில்லை. அவன் கண்ணில் நீர் திரண்டு நிற்க, வாய் மட்டும் வெயிலைப் பற்றிப் பேசியது. அந்தக் கோலத்தைப் பார்த்துத் தங்கையின் உயிரே போயிற்று. தனக்கென்று எதுவுமே கேட்காத அண்ணன் கேட்ட ஒன்று, தன் கையாலேயே உடைகிறதே! அவள் எழுந்து கைகூப்பினாள்.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்றாள். செருமல் தான் சொல்லிக்கொடுத்த அடையாளம், அதைக் குறைத்து எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை, அண்ணன் உங்களை மதிக்காமல் பேசவில்லை, நீங்கள் பேசச் சொல்கிறீர்கள் என்று நினைத்தே பேசினான் என்று அழுகையும் விக்கலுமாகச் சொல்லி முடித்தாள்.

பெரியவர் நிதானமாக உட்கார்ந்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் பேசினது நீங்க."

"ஆமாங்க."

"இந்தத் தம்பி இன்னும் பேசவே இல்ல."

அவள் தலை குனிந்தாள்.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் கொஞ்சம் மாடிப்படிகிட்ட நில்லுங்கம்மா. நான் செரும மாட்டேன். யாரும் செரும மாட்டாங்க. தம்பி பேசட்டும்."

அவர்கள் வெளியே வந்தார்கள். கதவு முக்கால்வாசி மூடியிருந்தது. மீதிக் கால்வாசியில் அண்ணனின் முழங்கால் மட்டும் தெரிந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. கேட்டதெல்லாம் மழைச் சத்தம், கடிகாரச் சத்தம். சனியன் பிடித்த நேரம் பார்த்து அவளுக்குத் தொண்டை அரித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மெத்தைக்காரர் அவள் முதுகைத் தடவினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

முழங்காலின் நடுக்கம் நிற்கவில்லை. வார்த்தை எதுவும் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்திருக்கப் போகிறார். எல்லாம் முடிந்தது என்று அவள் கண்ணை மூடினாள்.

'மடக்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். பஸ் ஓட்டுநர் சோபாவில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கண்ணாடி இல்லை. மெதுவாக எழுந்து, தான் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு துண்டாக எதையோ எடுத்து, "மறுபடியும் உடைஞ்சிடுச்சு" என்று அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அண்ணனின் முழங்கால் ஆடுவது நின்றது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஊசி போன்ற திருப்புளி ஒன்று வெளியே வந்தது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தான்.

"இவங்களுக்கு இதே வேலைங்க. மொத தடவை டிரைவர் சீட்டுல வச்சு உக்காந்துட்டேன்னு கொண்டுவந்தாங்க. நானும் நம்பிட்டேன். அடுத்த தடவையும் அதே சீட்டு, அதே கதை. பஸ் ஓட்டுறவங்களுக்குக் கண்ணாடி கண்ணுலதான இருக்கணும், அடிக்கடி சீட்டுக்கு எப்படி வருதுன்னு எனக்குச் சந்தேகம். கேட்டுடலாம்னுதான் நினைச்சேன். கேட்டா வர்றத நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அதனால நானும் ஒரு தப்பு பண்ணேன். இந்தக் கால் திருகாணி இருக்கு பாருங்க, இதை முழுசா முறுக்காம, கொஞ்சம் தளர்வாவே விட்டு அனுப்புவேன். சீக்கிரம் திரும்பி வரட்டும்னு."

"அடப்பாவி" என்றாள் பஸ் ஓட்டுநர் மெதுவாக.

அவன் திருகாணியை முறுக்கினான். இந்த முறை முழுசாக. சட்டை நுனியால் துடைத்தான். பிறகுதான் தலையை நிமிர்த்திப் பெரியவரைப் பார்த்தான்.

"இனிமே தளர்வா விட மாட்டேங்க. தினம் காலையில இதைத் துடைச்சு, என் கையாலதான் இவங்களுக்கு மாட்டி அனுப்புவேன். இவங்க போற வழி இவங்களுக்குத் தெளிவாத் தெரியணும். அது என் பொறுப்பு. எனக்கு வேற பெருசா பேசத் தெரியாது. உங்க பொண்ணை எனக்குக் குடுங்க."

மாடிப்படியில் குறிக்கோள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். தினம் காலையில், துடைத்து, மாட்டி அனுப்புவேன். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற காரியம்! எந்தத் திருத்தமும் தேவைப்படாத குறிக்கோள்! அவள் எழுதிக்கொடுத்த கண்ணுக்குள் வைப்பதும் மண்ணும் எங்கே, இது எங்கே. கையைக் கட்டி உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாளே, கை வேலையில் இருந்தால்தான் வாய் திறக்கும் மனிதனை! அவனை அவன் கடையில் பார்த்த பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. வெட்கமும் ஆனந்தமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே பெரியவர் மீசையை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு, வாக்குறுதியை மறந்து, செருமினார்.

வீடு அமைதியானது. அண்ணனின் வாய் தானாகத் திறந்தது. பஸ் ஓட்டுநர் எட்டி அவன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"தீர்ப்பு சொல்ற உத்தியோகம் நான் பாத்ததில்ல" என்றார் பெரியவர். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எல்லாரும் எழுந்து நில்லுங்க."

சமையலறையிலிருந்து அம்மா வந்து நின்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு மெத்தைக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். அண்ணனும் பதறி எழுந்தான்.

"மாப்பிள்ளை, நீங்க மட்டும் உக்காருங்க."

அந்த ஒரு சொல்லுக்கு அம்மா தொடங்கிய அழுகை, வீட்டைச் சுற்றி வந்து மெத்தைக்காரரில் முடிந்தது. கடைசியில் டீ வந்தபோது ஆறிப்போயிருந்தது. பிரமாதம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

திங்கட்கிழமை அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போய், ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அண்ணன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிப் பேசினான், அப்படிச் சிரிக்கவைத்தான். இருபது வருடமாக இது அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது. மறுநாள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மெக்கானிக்குகளோடு லிஃப்ட் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். இப்போதெல்லாம் அவளிடம் யாராவது பாடம் கேட்டால், முடிவில் என்ன செய்வார்கள் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "அவங்க இப்ப எங்க இருக்காங்க, நான் போய்ப் பாக்கலாமா?"

கல்யாணம் பதிவு அலுவலகத்தில். மணமகள் புதுக்கண்ணாடி போட்டிருந்தாள். பெரியவர் அன்று முழுக்கச் செருமுவதில்லை என்று மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். குறிக்கோள் அக்கா முன்னெச்சரிக்கையாக இருமல் மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் விநியோகித்திருந்தாள். பதிவு அதிகாரிக்கு மட்டும் கொடுக்க மறந்துவிட்டாள்.

அதிகாரி உட்கார்ந்தார், தாள்களைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார்.

"சம்மதம்" என்றான் அண்ணன்.

பின்வரிசையிலிருந்து, "யோசிச்சுச் சொல்றேன், தம்பி" என்று மெத்தைக்காரர் குரல் கேட்டது.